கோல்போஸ்டில் தொங்கிய தராசு

அந்தப் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் பீப்பீ சார். கழுத்தில் விசில் இல்லாமல் அவரை யாருமே பார்த்ததில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். குளிக்கப் போகும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவார்.

பதினேழு வருஷமாக அதே மைதானம். அவர் போட்ட சத்தத்தில் வெளியே ரோட்டில் போன பஸ் பிரேக் போட்டு நின்ற கதையெல்லாம் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பூனையாகிவிடுவார். கணக்கு டீச்சர். அந்த அம்மா வராந்தாவில் சிரித்துக்கொண்டே வந்தால் பீப்பீ சார் ஒளிய ஒரு தூணைத் தேடுவார்.

“சார், போர்ஷன் முடியலை. இன்னைக்கு ஒரு பீரியட் மட்டும்...”

“எடுத்துக்குங்க டீச்சர், அதனாலென்ன” என்று வாய் சொல்லிவிடும். பந்தை எடுத்து வைத்துவிட்டு ஆசையாக வரிசையில் நிற்கும் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவே முடியாது. இப்படி அவர் தாரைவார்த்த பீரியட்களை ஒன்றுசேர்த்தால் இரண்டு ஒலிம்பிக் நடத்தி முடித்திருக்கலாம். விளையாட்டும் ஒரு பாடம்தான் என்று அவர் சொன்னால் ஆசிரியர் அறையில் எல்லோரும் அன்பாகத் தலையாட்டுவார்கள். அந்த அன்புதான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் சுற்றுச்சூழல் மன்றத்தை அவர் தலையில் கட்டினார்கள். அதுவரை மன்றத்தைப் பார்த்துக்கொண்ட அறிவியல் டீச்சர் மாற்றலாகிப் போயிருந்தார். பார்த்துக்கொண்டதென்ன பெரிய பார்த்துக்கொண்டது! வருஷத்தில் ஒருநாள் காலையில் ஊர்வலம், கோஷம், ஒரு மரக்கன்று, நாலு போட்டோ, கைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம். மத்தியானம் பார்த்தால் ‘பூமியைக் காப்போம்’ அட்டைகள் பின்பக்கத்துக் குப்பைமேட்டில் பிஸ்கட் காகிதங்களோடு கிடக்கும். அப்புறம் அடுத்த வருஷம்தான் பூமியின் ஞாபகம் வரும்.

“எனக்குச் செடிக்கும் களைக்கும் வித்தியாசம் தெரியாது மேடம்” என்று தலைமையாசிரியையிடம் கெஞ்சிப் பார்த்தார் பீப்பீ சார்.

“பசங்க உங்க பேச்சைக் கேக்கறாங்க. அது போதும்” என்றார் அவர். “ஆனா ஒண்ணு சார். இது ஒருநாள் கூத்தா இருக்கக் கூடாது. வருஷம் பூரா நடக்கணும். வருஷக் கடைசியில கல்வி அதிகாரி வந்து மன்றத்துக்கு மார்க் போடுவார். பத்துக்கு ஏழு வந்துச்சுன்னா உங்க பீரியட்ல இனி யாரும் கை வைக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு.”

“வரலைன்னா?”

“வரலைன்னா ஒவ்வொரு கிளாஸுக்கும் வாரத்துல ஒரு பீரியட் கணக்குக்குப் போயிடும். நிரந்தரமா.”

வாரத்தில் இருப்பதே இரண்டு. பீப்பீ சார் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டார்.

முதலில் மற்றவர்களைப் போல அவரும் ஒரு சொற்பொழிவுதான் ஆற்றினார். ஓசோன் என்று ஆரம்பித்து நடுவில் மறந்துபோய் ஆக்ஸிஜனில் முடித்தார். முதல் வரிசையிலேயே மூன்று பேர் கொட்டாவி விட்டார்கள். அதில் ஒருத்தி அவருடைய சொந்த மகள். ஆறாம் வகுப்பு, வீட்டில் அப்பா என்றும் பள்ளிக்கூடத்தில் சார் என்றும் கூப்பிடுகிற கறார்ப் பேர்வழி.

அன்று மாலை காலி மைதானத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் அவருக்குப் பொறி தட்டியது. பேச்சுக்கு ஒரு பிள்ளையும் அசையாது. ஸ்கோருக்கு அசையும். ஒரு பாயிண்டுக்காக முட்டியைப் பெயர்த்துக்கொண்டு சிரிக்கிற கூட்டம் அது. உடனே ஆய்வகத்திலிருந்து கொக்கி வைத்த பெரிய வில்தராசைக் கடன் வாங்கிக் கோல்போஸ்டின் குறுக்குக் கம்பியில் கட்டினார். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நாலு அணி. பள்ளிக்கூட இடத்தை நாலாகப் பிரித்து அணிக்கொரு பங்கு. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் அவரவர் பொறுக்கிய குப்பையை மூட்டையாகக் கட்டிக் கொக்கியில் மாட்ட வேண்டும். எடை அதிகமான அணி வெற்றி.

முதல் வாரம் மொத்தம் ஆறு கிலோ. இரண்டாவது வாரம் பதினைந்து. மூன்றாவது வாரம் நாற்பது. ஐந்தாவது வாரம் நூற்று முப்பது! மூட்டையைத் தூக்கி மாட்ட ஒன்பதாம் வகுப்புத் தடியன்கள் நாலு பேர் தேவைப்பட்டார்கள். மைதானமே அலறியது. பீப்பீ சாருக்குத் தலைகால் புரியவில்லை. வராந்தாவில் எதிரே வந்த கணக்கு டீச்சருக்கு வலியப் போய் வணக்கம் வைத்தார்.

பள்ளிக்கூடத்தைப் பெருக்குகிற அக்காதான் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்டாள். “ஏன் சார், பன்னெண்டு வருஷமா நான் பெருக்கறேன். ஒரு வாரத்துக்கு ரெண்டு மூட்டைக்கு மேல நான் பார்த்ததில்ல. இம்புட்டுக் குப்பை எங்க இருந்து சார் வருது?”

பீப்பீ சார் மூட்டைகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். பதில் அவர் வீட்டிலேயே இருந்தது. பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பில் வேலை பார்க்கும் அவர் மனைவி, கொஞ்ச நாளாகவே மகளைப் பற்றிப் பெருமை பீற்றிக்கொண்டிருந்தாள். “பாப்பாவுக்கு எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு பார்த்தீங்களாங்க. வெள்ளிக்கிழமையானா அவளே குப்பைக்கூடையைத் தூக்கிட்டுப் போயிடறா. பக்கத்து வீட்டுதையும் சேர்த்து!”

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் மறைந்து நின்று பார்த்தார். புத்தகப்பையோடு ஆளுக்கொரு மூட்டை. தெருவே திரண்டு குப்பையோடு வருகிறது. டீக்கடைக்காரரோடு பச்சை அணி ஒப்பந்தமே போட்டிருந்தது. தினசரிக் காகிதக் கப் முழுதும் அவர்களுக்கு. மஞ்சள் அணியில் ஒருத்தன் எழுதாத நோட்டைக் கிழித்து எடை கூட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பரணில் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றை நீல அணிக்காக மகள் கட்டி அணைத்துத் தூக்கி வந்தாள். அதன் ஓரத்தில் எட்டிப் பார்த்தது அவருடைய நீளம் தாண்டுதல் சான்றிதழ்.

“பாப்பா! அது அப்பா ஜெயிச்சது!”

“சார், இப்ப நீலம் ஜெயிக்கணும். மூணு கிலோ குறையுது.”

ஊர்க் குப்பையை எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு இறக்குமதி செய்யக் கற்றுக்கொடுத்த உலகின் முதல் சுற்றுச்சூழல் மன்றம் தன்னுடையதுதான் என்பது அவருக்கு உறைத்தது. அசடு வழியச் சான்றிதழை மீட்டுக்கொண்டார்.

ஆனால் மனிதர் சோர்ந்து உட்காருகிற ஜாதியில்லை. ஓட்டப்பந்தயத்தில் யாருக்கு நேரம் குறைவோ அவன்தானே ஜெயிக்கிறான்? திங்கட்கிழமை விசிலை ஊதிச் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். இனி எந்த அணியின் இடத்தில் குப்பை குறைவோ அந்த அணிக்கே வெற்றி. வெளிக் குப்பை உள்ளே வரவே கூடாது.

பிள்ளைகள் இரண்டே நாளில் இதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். தன் குப்பையை அடுத்த அணியின் எல்லையில் தள்ளிவிட்டால் தீர்ந்தது. ஜன்னல் வழியே காகித ராக்கெட் பறந்தது. சிவப்பு அணி கதவுக்கொரு கோல்கீப்பரை நிறுத்தியது. பாய்ந்து விழுந்து சாக்லேட் காகிதத்தைப் பிடிக்கிற ஏழாம் வகுப்புப் பெண்ணைப் பார்த்து பீப்பீ சாருக்குப் புல்லரித்துவிட்டது. பதினேழு வருஷத்தில் அவர் பார்த்த மிகச் சிறந்த தடுப்பாட்டம் அதுதான். அந்த மெய்மறப்பில் இன்னொன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்க எடுத்த மனைவி அவர் பேண்ட்டை உதறினாள். பொலபொலவென்று கொட்டியது. மிட்டாய்க் காகிதம், பென்சில் சீவல், பாதி தின்ற பிஸ்கட்.

“ஏங்க, இந்த வயசுல இவ்வளவு மிட்டாயா? எங்க டாக்டர்கிட்ட பல்லைக் காட்டுங்க முதல்ல!”

“சத்தியமா நான் திங்கலைம்மா!”

மூலையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, நீங்க எந்த டீமும் இல்லல்ல? அதான் எல்லாரும் உங்க பாக்கெட்லயே போட்டுட்டாங்க. வரிசையில நிக்கும்போது பின்னாடி இருந்து. நான் ரெண்டு தடவை.”

நடமாடும் குப்பைத்தொட்டியாக ஒரு வாரம் திரிந்திருக்கிறார்! அவருக்கும் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அப்படியே கட்டிலில் சாய்ந்து, சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு அணி இருப்பதால்தானே தள்ளிவிட அடுத்தவன் இடம் இருக்கிறது? ஒரே அணியாக இருந்தால் எங்கே தள்ளுவார்கள்?

திங்கட்கிழமை நாலு அணியும் கலைந்தது. நானூறு பிள்ளைகள், பதினெட்டு ஆசிரியர்கள், பெருக்கும் அக்கா, காவலாளி, எல்லோரும் ஒரே அணி. எதிராளி யார்? போன வாரத்து எண். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தின் மொத்தக் குப்பையும் கோல்போஸ்டில் தொங்கும். போன வாரத்தைவிட ஒரு கிராமாவது குறைய வேண்டும். பாக்கெட், பை, மேஜை இழுப்பறை எல்லாம் கணக்கில் சேர்த்தி.

முதல் எடை பதினெட்டு கிலோ. அதன் பிறகு நடந்ததுதான் கூத்து. பிள்ளைகள் சாதனையை முறியடிக்கும் வெறியில் பெரியவர்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டினார்கள். ஆசிரியர் அறையில் காகிதக் கப்பில் டீ குடிக்க ஒருவராலும் முடியவில்லை, கடைசிச் சொட்டு இறங்குவதற்குள் ஜன்னலில் ஏழெட்டுத் தலைகள் “டீச்சர், அது நாலு கிராம்!” என்று கத்தும். கணக்கு டீச்சரே எவர்சில்வர் டம்ளருக்கு மாறினார். கேன்டீன்காரர் பொட்டலங்களை நிறுத்திவிட்டுப் பெரிய டின்னிலிருந்து பிஸ்கட்டை எண்ணிக் கையில் கொடுத்தார். காகிதத்தின் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுக் கசக்கியவன் ஒரு வாரம் தலைகுனிந்து திரிந்தான்.

எட்டு கிலோவில் வண்டி நின்றுவிட்டது. பார்த்தால் எல்லாம் பழத்தோல். “தோலை மண்ணுல புதைச்சா மண்ணாயிடுமாம் சார்” என்று நாலாம் வகுப்பு வந்து சொன்னது. பீப்பீ சார் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். எங்கே புதைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. மறுவாரம் நீளம் தாண்டுவது எப்படி என்று காட்ட, முழு வேகத்தில் ஓடி, காற்றில் கைகளை விரித்து, மணற்குழியில் கம்பீரமாக இறங்கியவர், அழுகிய வாழைப்பழத்தோலில் வழுக்கிக்கொண்டு குழியின் மறு கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தார்.

“சார், ஸ்கூல்லயே தோண்டறதுக்கு ஈஸியான இடம் இதுதான் சார்” என்றது நாலாம் வகுப்பு, பயபக்தியோடு.

இடுப்பைப் பிடித்துக்கொண்டே குழாயடி பக்கம் வேறு குழி அவரே வெட்டிக் கொடுத்தார். மழைக்காலத்தில் அந்தக் குழியிலிருந்து யாரும் நடாத பூசணிக்கொடி ஒன்று கிளம்பி வேலியெல்லாம் ஏறியது. மழையில் குடை பிடித்துக்கொண்டு எடை போட்டார்கள். பரீட்சை வாரத்தில் எடை போட்டார்கள். பீப்பீ சாருக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்ட வெள்ளிக்கிழமைகூட எடை போட்டு, எண்ணை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். ஐந்து கிலோ, மூன்று, ஒன்றரை. கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவர், தான் இல்லாமலே இது நடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொண்டார். காய்ச்சல் என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

அதிகாரி வருகிற நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே அமைந்தது. காலை நிலவரம் நானூறு கிராம். அதற்கு முன் வாரம் நானூற்று ஐம்பது. சாதனை உறுதி. பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு, பென்சிலைக்கூடச் சீவாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜீப் வந்து நின்றது. அதிகாரியும் கூட நாலு பேரும் இறங்கினார்கள். பிளாஸ்டிக் சுற்றிய பூங்கொத்து, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பெட்டியில் அடைத்த சிற்றுண்டி எல்லாம் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். போகிற இடத்தில் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற முன்னெச்சரிக்கை.

அதிகாரி படிவத்தை விரித்தார். “பேனர் எங்க?”

“வைக்கலை சார். அது ரெண்டு கிலோ வரும்” என்றார் பீப்பீ சார்.

“ஊர்வலம் போட்டோ?”

“ஊர்வலம் போகலை சார்.”

“எத்தனை கன்னு நட்டீங்க?”

“நடலை சார். ஒரு பூசணி தானா வந்துச்சு.”

“சேகரிச்ச குப்பையாவது காட்டுங்க.”

பீப்பீ சார் கோல்போஸ்டைக் காட்டினார். கொக்கியில் ஒரு சின்னப் பை ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “வருஷம் பூரா நீங்க சேர்த்தது இவ்வளவுதானா?” என்று கேட்டுவிட்டு எழுத ஆரம்பித்தார். பேனா பல கட்டங்களில் சைபர் சுழிப்பது பீப்பீ சாருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. வாரத்தில் ஒரு பீரியட் போயிற்று. நாற்பது முகங்கள் வரிசையில் நிற்கும், பந்து உள்ளே போகும், நிரந்தரமாக.

அந்த நேரம் பார்த்து வந்தவர்களின் சிற்றுண்டியும் முடிந்தது. பெட்டி, பாட்டில், பூங்கொத்து எல்லாம் கூடையில் விழுந்தன. கடைசி மணியும் அடித்தது. சட்டம் சட்டம்தான். இரண்டு பிள்ளைகள் கூடையைக் கொண்டுபோய்ப் பையில் கொட்டி மாட்டினார்கள். முள் சரசரவென்று இறங்கியது. ஒரு கிலோ அறுநூறு.

ஒன்றாம் வகுப்பில் ஒரு குழந்தை ஓவென்று அழுதது. அதைப் பார்த்து வரிசையாக ஒன்றாம் வகுப்பே அழுதது.

“என்னாச்சு?” என்று பதறினார் அதிகாரி.

பீப்பீ சாரின் மகள் முன்னால் வந்தாள். “சார், நாங்க வருஷம் பூரா குறைச்சுக்கிட்டே வந்தோம் சார். நீங்க அரை மணி நேரத்துல ஏத்திட்டீங்க. இது உங்களுது. தயவுசெஞ்சு உங்க வண்டியில எடுத்துட்டுப் போயிடுங்க சார்.”

பீப்பீ சார் விசிலைக் கடித்துக்கொண்டார். கூட வந்த நாலு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். அதிகாரியின் காது சிவந்தது. நானூறு பேர் முறைத்தால் எந்த அதிகாரியால் நிற்க முடியும்? அவரே பையில் கைவிட்டு, பெட்டிகளையும் பாட்டில்களையும் பொறுக்கி, நசுங்கிய பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். முள் மேலே ஏறியது. ஆயிரம், எழுநூறு, நானூறு!

அப்புறம் கேட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஆட்கள் நின்றுவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு ஆடினாள். கணக்கு டீச்சர் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் அடித்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று ஓடியதை இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பீப்பீ சார் மட்டும் ஓரமாக நின்று சிரித்தார். சிரிப்பில் பாதிக்கு மேல் அழுகை.

அடுத்த வாரம் அறிக்கை வந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். மேஜையில் ஒற்றைத் தாள். பத்துக்கு நாலு. கீழே ஒரு குறிப்பு: ‘காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.’

“சொன்ன சொல் சொன்னதுதான் மேடம்” என்றார் பீப்பீ சார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “எந்த பீரியட்னு சொல்லுங்க. டீச்சர்கிட்ட நானே சொல்லிடறேன்.”

“இதைக் கசக்கித் தூர எறியலாம்னுதான் பார்த்தேன் சார்” என்றார் தலைமையாசிரியை. “ஆனா இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பசங்க எடை போட்டுடுவாங்க. அப்புறம் யார் பதில் சொல்றது?”

அவர் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, அடுத்த வருஷத்துக்கான கால அட்டவணையை அதிலேயே எழுத ஆரம்பித்தார். வகுப்புக்கு இரண்டு இடத்தில் ‘விளையாட்டு’ என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். பீப்பீ சார் குனிந்து பார்த்தார். பதினேழு வருஷமாக அவருடைய பீரியட்களைப் பென்சிலில்தான் எழுதுவார்கள், அழிக்க வசதியாக.

இந்த முறை மேடம் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.